குதிகால் தசைநாண் அறுந்தால்: தையலா, பூட்ஸா?

கெண்டைக்கால் சதையைக் குதியெலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்துவிட்டது என்று உறுதியானதும், மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்வார். அறுவை சிகிச்சை செய்து முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். அல்லது தைக்காமல், பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து, முதலில் மாவுக்கட்டு, பிறகு கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் மருத்துவ பூட்ஸ் என்று போட்டுத் தானாக ஒட்ட விடலாம். "ரெண்டுமே சரிதான், யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். நோயாளிக்கு இதைவிடக் குழப்பமான பதில் வேறு இருக்க முடியாது. உடம்பிலேயே பெரிய, வலுவான தசைநாண் அறுந்து கிடக்கிறது. அதைத் தைத்தாலும் சரி, தைக்காவிட்டாலும் சரி என்றால் எப்படி நம்புவது?

நம்பலாம். ஆனால் அந்த "ரெண்டுமே சரி"க்குள் சில நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. என் தம்பிக்கு இந்தக் காயம் பட்டபோது அவனோடு உட்கார்ந்து படித்தவை, அவனுக்கு முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்ட நண்பர் சொன்னவை, பிசியோதெரபிஸ்டுகளிடம் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டவை எல்லாவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. முடிவு உங்களுடையது, உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவருடையது. என் கருத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பதா வேண்டாமா என்பதைவிட, அடுத்த மூன்று மாதம் அந்தக் காலை யார், எப்படிக் கவனிக்கப் போகிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில், அறுந்ததா என்று தெரிய வேண்டும்

யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தசைநாண் அறுந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வார்கள். சிலருக்கு 'டப்' என்று சத்தமே கேட்கும். ஓட்டத்தின் நடுவே சட்டென்று உந்தி எழும்போது, அல்லது பின்னால் நகர்ந்து திடீரென்று முன்னால் பாயும்போது இது நடக்கிறது. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள், வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ விளையாடுகிற ஆண்களுக்குத்தான் அதிகம்.

வேதனை என்னவென்றால், நாலைந்து பேரில் ஒருவருக்கு முதல் பரிசோதனையில் இது கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. காரணம் இருக்கிறது. வலி சில மணி நேரத்தில் குறைந்துவிடும். நொண்டியபடி நடக்கவும் முடியும். கணுக்காலின் இரண்டு பக்கமும் ஓடுகிற வேறு தசைநாண்கள் பாதத்தைக் கீழே அழுத்திக் காட்டிவிடும். அதனால் "பாதம் அசையுதே, சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, வாரக்கணக்கில் கடத்திவிடுகிறார்கள்.

கண்டுபிடிக்கிற சோதனை மிக எளிது. தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு பாதமும் மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி செய்தார்கள். மருத்துவர் நல்ல காலின் கெண்டைச் சதையைக் கைக்குள் பிடித்து அமுக்கினார். பாதம் தானாக நீண்டது. விட்டார், பழைய இடத்துக்கு வந்தது. அடுத்த காலை அதேபோல அமுக்கினார். சதை உள்ளே போனது, பாதம் அசையவே இல்லை. இன்னொரு முறை அமுக்கினார், அப்போதும் இல்லை. இதற்குத் தாம்ப்சன் சோதனை என்று பெயர். சதைக்கும் குதிக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. அதோடு, குதியெலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டருக்குள் விரலை வைத்துத் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். ரத்த ஓட்டம் குறைவாக உள்ள பகுதி அது, பெரும்பாலும் அறுவது அங்கேதான்.

சந்தேகம் வந்த அன்றே செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. எந்த வழியைப் பிறகு தேர்ந்தாலும் சரி, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுவதை அதே நாளில் செய்துவிட வேண்டும். பாதம் நேராக இருக்கும் ஒவ்வொரு நாளும் மேல்முனையைச் சதை மேலே இழுத்துக்கொண்டே போகும், இடைவெளி கூடும். தைக்காத சிகிச்சை நன்றாகப் பலன் தருவதற்கு இந்த ஆரம்ப நாட்கள் மிக முக்கியம். இரண்டு வாரம் எதுவும் கட்டாமல் நடந்துவிட்டு, அதன் பிறகு "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றால் அந்த வழி அநேகமாக மூடியிருக்கும்.

இரண்டு வழியிலும் என்ன நடக்கிறது

அறுந்த தசைநாண் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. பழைய கயிறு அறுந்தால் முனை பிரிபிரியாக நிற்குமே, அப்படித்தான் இருக்கும். அறுவை சிகிச்சையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, குதிக்கு மேலே கீறி, இந்த நார்களை ஒன்றுசேர்த்து உறுதியான நூலால் தைப்பார்கள். பிறகு பாதத்தைக் கீழ்நோக்கியே வைத்துக் கட்டுவார்கள்.

தைக்காத வழியில் இயற்கைதான் தையல்காரர். அறுந்த இடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்குள் ரத்தம் தேங்கி உறையும். பாதம் கீழ்நோக்கி இருப்பதால் இரண்டு முனைகளும் நெருங்கும். அந்த ரத்தக்கட்டிக்குள் புதுத் திசு வளர்ந்து, மெல்ல மெல்ல நாராக மாறும். முனைகள் உண்மையிலேயே தொடுகின்றனவா என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். பாதத்தை வளைத்து வைத்த பிறகும் இடைவெளி இருந்தால் சில மருத்துவமனைகள் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கும். அதற்கான அளவை ஒரு இடத்தில் 5 மில்லிமீட்டர் என்று வைத்திருப்பார்கள், இன்னொரு இடத்தில் 10 மில்லிமீட்டர் என்று வைத்திருப்பார்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவான இலக்கு ஒன்று உண்டு. அதைப் பலரும் நோயாளியிடம் விளக்குவதில்லை. ஒட்டினால் மட்டும் போதாது, சரியான நீளத்தில் ஒட்ட வேண்டும். தசைநாண் கொஞ்சம் நீண்டு ஒட்டிவிட்டால், கெண்டைச் சதை எவ்வளவு வலுவாகச் சுருங்கினாலும் அந்த இழுவை குதிக்கு முழுதாகப் போய்ச் சேராது. நடக்கலாம், படியேறலாம். ஆனால் ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழ முடியாது. ஓடும்போது அந்தக் கால் பின்தங்கும். நீண்டுவிட்ட தசைநாணை எந்த உடற்பயிற்சியாலும் பிறகு குறுக்க முடியாது. மாவுக்கட்டு, பூட்ஸுக்குள் வைக்கும் குதி அட்டைகள், "சதையை இழுத்து நீட்டாதே" என்ற கண்டிப்பு எல்லாமே இந்த நீளத்தைக் காப்பாற்றத்தான். தைத்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. தையல் இருக்கும்போதே தசைநாண் நீள்வது உண்டு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

பல ஆண்டுகளாக நிலவிய நம்பிக்கை இதுதான்: தைத்தால் மறுபடி அறுவது குறைவு, தைக்காவிட்டால் அதிகம். அந்த நம்பிக்கை வந்த காலத்தில் தைக்காதவர்களுக்குக் காலை மாவுக்கட்டுக்குள் பல வாரம் அசையாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் புதுத் திசு பலவீனமாகத்தான் வளரும். தசைநாண் நார்கள் சரியான திசையில் அடுக்கப்பட, அளவான இழுவை வேண்டும்.

கனடாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதை மாற்றியது. 144 பேரில் பாதிப்பேருக்குத் தைத்தார்கள், பாதிப்பேருக்குத் தைக்கவில்லை. ஆனால் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி, சீக்கிரமே கால் ஊன்றவும் கணுக்காலை அசைக்கவும் விட்டார்கள். மறுபடி அறுந்தது தைத்தவர்களில் 2 பேருக்கு, தைக்காதவர்களில் 3 பேருக்கு. பின்னர் 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதுவே தெரிந்தது. ஆரம்பத்திலேயே அசைவு தரும் முறை இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த முறை இல்லாத இடத்தில் தைப்பதே மறு அறுப்பைக் குறைத்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

2022இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வுதான் முடிவெடுப்பவருக்கு அதிகம் உதவும். 18 முதல் 60 வயது வரையுள்ள 526 பேரின் முடிவுகளை அதில் கணக்கிட்டார்கள். மூன்று குழுக்கள்: தைக்காதவர்கள், பெரிய கீறலில் தைத்தவர்கள், சிறு துளைகள் வழியே தைத்தவர்கள். ஓராண்டு கழித்து, நடை, ஓட்டம், வலி, வலு பற்றி நோயாளிகளே கொடுத்த மதிப்பெண்ணில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது தைக்காதவர்களில் 6.2 சதவீதம், தைத்த இரு குழுக்களிலும் 0.6 சதவீதம். நரம்புக் காயம் நேர்மாறாக இருந்தது. சிறு துளை முறையில் 5.2, பெரிய கீறலில் 2.8, தைக்காதவர்களில் 0.6 சதவீதம்.

2019இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துக்கொண்டது. அதில் மறு அறுப்பு 2.3க்கு 3.9 சதவீதம், தைத்தவர்களுக்குச் சாதகம். மற்ற சிக்கல்கள் 4.9க்கு 1.6, இது தைக்காதவர்களுக்குச் சாதகம். தைத்தவர்களின் சிக்கல்களில் முதலிடம் தொற்றுக்கு, 2.8 சதவீதம்.

ஆக, தைத்தால் மறுபடி அறுவது குறைகிறது. அதற்குப் பதிலாகத் தொற்றும் நரம்புக் காயமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஓராண்டு கழித்துக் கால் எப்படி வேலை செய்கிறது என்பதில் சராசரியாக வித்தியாசம் இல்லை.

எந்தச் சிக்கல் எவ்வளவு மோசம்

சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது போதாது. ஒவ்வொன்றும் வந்தால் வாழ்க்கையில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

மறுபடி அறுந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பும். பெரும்பாலும் அப்போது அறுவை சிகிச்சைதான். மறுபடி மாவுக்கட்டு, பூட்ஸ், வேலையிலிருந்து விடுப்பு. மனத்தளவில் இது மிகக் கனமானது. பாதி தூரம் வந்தவனைத் தொடக்கத்துக்கே அனுப்புவது அது. ஆனால் அதிலிருந்து மீள்கிறார்கள்.

நரம்புக் காயம் என்பது பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போவது. அந்தப் பக்கம் ஓடும் சூரல் நரம்பு தசைநாணுக்கு மிக அருகில் இருக்கிறது. சிறு துளை வழியே ஊசியைச் செலுத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாது, நூலில் மாட்டிக்கொள்ளலாம். சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு அந்த மரப்பு நிரந்தரம். நண்பருக்கு அப்படித்தான் சுண்டுவிரல் பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கிறது. "ஷூ போட்டா மறந்துடுது" என்கிறார். சிலருக்கு அது எரிச்சலாக, வலியாக மாறுவதும் உண்டு.

என்னைப் பொறுத்தவரை, ஆழமான தொற்றுதான் இவற்றில் மிகவும் பயப்பட வேண்டியது. வருவது அரிது. ஆனால் குதிக்குப் பின்னால் தோல் மெல்லியது, அடியில் சதைப்பற்று கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே புண் ஆறாமல் சீழ் பிடித்தால் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டிவரும். தசைநாணே அரிபட்டுப் போகலாம், வேறிடத்திலிருந்து தோல் எடுத்து மூட வேண்டிய நிலையும் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். அவர்களுக்கு நான் தைக்காத வழியையே முதலில் யோசிக்கச் சொல்வேன்.

இன்னொரு ஆபத்து இரண்டு வழிக்கும் பொது: காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைவது. கால் அசையாமல் வாரக்கணக்கில் இருந்தால் இது வரும். அது பிரிந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்காலோ தொடையோ புதிதாக வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். முன்பு ரத்தம் உறைந்தவர்கள், குடும்பத்தில் அப்படி யாருக்காவது வந்தவர்கள், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ தேவையா என்று கேட்கவும் வேண்டும்.

பெரிய கீறலா, சிறு துளையா

தைப்பதென்று முடிவானால் இந்தக் கேள்வி வரும். சிறு துளை முறையில் புண் சிறியது, தொற்று குறைவு. நரம்பு மாட்டும் வாய்ப்பு அதிகம். பெரிய கீறலில் எல்லாம் கண்ணெதிரே தெரியும், ஆனால் ஆற வேண்டிய புண் பெரியது. இதில் நோயாளி முறையைத் தேர்வதைவிட, அந்த அறுவை மருத்துவர் எதை அதிகம் செய்து பழகியிருக்கிறார் என்று கேட்டு அதையே செய்யச் சொல்வது நல்லது.

விளையாட்டு வீரர்களைப் பார்த்து முடிவு செய்யலாமா

"பெரிய வீரர்களெல்லாம் ஆபரேஷன்தானே செய்துக்கறாங்க?" இந்தக் கேள்வியைத் தம்பியும் கேட்டான். உண்மைதான். 2010 மார்ச்சில் கால்பந்து வீரர் டேவிட் பெக்கமுக்கு இத்தாலியில் ஆடும்போது அறுந்தது. அடுத்த நாளே பின்லாந்தில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு உலகக் கோப்பையை இழந்தாலும் செப்டம்பரில் மறுபடி ஆடினார். 2019 ஜூனில் அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் அறுந்த கெவின் டுரன்ட் அவசரப்படவில்லை. அடுத்த சீசன் முழுவதையும் விட்டுவிட்டு 2020 டிசம்பரில்தான் திரும்பினார்.

அவர்களுக்கு மறு அறுப்பு என்பது இன்னொரு சீசன் போவது. அதனால் சில சதவீத வித்தியாசமும் அவர்களுக்குப் பெரிது. அதோடு நாள் முழுக்கக் கூடவே இருக்கும் பிசியோ குழு இருக்கிறது. அலுவலகம் போய்வந்து மாலையில் தானே பயிற்சி செய்கிற ஒருவர் அவர்களின் முடிவைப் பார்க்கலாம், ஆனால் அவர்களுடைய காரணம் தனக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது?

காயம் பட்டு ஓரிரு நாளில் கண்டுபிடித்துக் கட்டியாயிற்று, பாதத்தை வளைத்தால் முனைகள் தொடுகின்றன, அந்த மருத்துவமனையில் வாரவாரியான மீட்புத் திட்டம் எழுத்தில் இருக்கிறது, நீங்களும் அதை அப்படியே கடைப்பிடிக்கிற ஆள். இவை எல்லாம் கூடி வந்தால் தைக்காமல் இருப்பது முழு மரியாதைக்குரிய சிகிச்சை. "ஒண்ணும் செய்யாம விட்டுட்டாங்க" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வயதானவர்களுக்கும், புண் ஆறுவதில் சிக்கல் உள்ளவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

முனைகள் தொடவில்லை, அல்லது நாள் கடந்துவிட்டது, அல்லது உயரம் தாண்டுவதும் வேகமாக ஓடுவதும்தான் உங்கள் வேலை, அல்லது மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயத்தோடு உங்களால் நிம்மதியாக இருக்கவே முடியாது. இப்படி இருந்தால் தைப்பதன் பக்கம் சாயலாம். அந்தக் கடைசிக் காரணத்தையும் நான் சிறியதாக எண்ணவில்லை. பயந்து பயந்து காலை ஊன்றுகிறவர் சரியாகப் பயிற்சி செய்யமாட்டார்.

தைக்காத சிகிச்சை என்று சொல்லிவிட்டு, பல வாரம் அசையாத மாவுக்கட்டு போட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்புகிற இடமாக இருந்தால், நான் வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பேன். அங்கேயும் அதே பதில்தான் என்றால் தைத்துக்கொள்வேன். நல்ல ஆய்வு முடிவுகள் வந்ததெல்லாம் சீக்கிரம் ஊன்றி, அளவாக அசைத்த முறையில்தான்.

பிரிட்டனில் 540 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, தைக்காதவர்களில் மாவுக்கட்டையும் பூட்ஸையும் ஒப்பிட்டது. ஒன்பதாவது மாதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மறு அறுப்பும் 6க்கு 5 சதவீதம். பூட்ஸில் உள்ள வசதி, ஆரம்பத்திலேயே காலை ஊன்றி அன்றாட வேலைகளைப் பார்க்க முடிவது. நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளேட்லெட் ஊசியைச் சிலர் கூடுதலாகப் பரிந்துரைப்பார்கள். பிரிட்டனில் 230 பேரிடம் நடத்திய ஆய்வில் இந்தக் காயத்துக்கு அதனால் பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தை பிசியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் எப்படிப் போகும்

மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். ஆனால் தைத்தவருக்கும் தைக்காதவருக்கும் பாதை இப்போது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் இரண்டு வாரம் விரல்கள் கீழே பார்க்கும்படி கட்டு. ஊன்றுகோல், பல இடங்களில் பாரமே போடக் கூடாது என்பார்கள். காலை இதயத்தைவிட உயரத்தில் வைத்துப் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். பிறகு பூட்ஸ். அதற்குள் குதிக்கடியில் அட்டைகளை அடுக்கி உயர்த்தியிருப்பார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை ஊன்றுகோலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டலாம். பூட்ஸைக் கழற்றி உட்கார்ந்தபடி பாதத்தைக் கீழே அழுத்துவது, மேலே கொண்டுவருவது. மேலே வரும்போது பாதம் காலுக்கு நேர்கோணத்தில் நின்றுவிட வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு பூட்ஸோடு முழுப் பாரம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டுக்குள் பூட்ஸுக்கு விடைகொடுத்து, குதி சற்று உயர்ந்த ஷூவுக்கு மாறுவார்கள்.

பூட்ஸ் உயரமாக இருப்பதால் இடுப்பு ஒரு பக்கம் ஏறி முதுகு வலிக்கும். மற்றக் காலுக்கு அடிப்பகுதி தடித்த ஷூ போட்டு உயரத்தைச் சமப்படுத்துங்கள். யாரும் சொல்லாததால் தம்பி முதுகுவலியோடு நிறைய நாள் கஷ்டப்பட்டான். வலது காலில் அறுந்திருந்தால் பூட்ஸ் போகும்வரை கார் ஓட்டவே கூடாது.

மிக ஆபத்தான காலம், பூட்ஸ் கழன்ற உடனே வருவது. மறு அறுப்பு பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கிறது, அதுவும் விளையாட்டில் அல்ல. குளியலறையில் வழுக்குவது, படியில் கால் தவறுவது, இருட்டில் எழுந்து வெறுங்காலோடு இரண்டு எட்டு வைப்பது, இப்படித்தான். வலி இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது, நன்றாக நடக்கிறோம் என்ற நினைப்பு வருவதும் அதே வாரங்களில்தான். உள்ளே திசு இன்னும் மென்மையாகவே இருக்கிறது. தம்பி பூட்ஸ் இல்லாமல் வைத்த முதல் அடியை பிசியோ அறையில் பார்த்தேன். இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நின்றான். குதியை வைத்தான், உள்ளங்காலை வைத்தான், அடுத்து விரலால் உந்த வேண்டிய இடத்தில் கால் அப்படியே தயங்கி நின்றது. இடுப்பைத் தூக்கித்தான் முன்னால் கொண்டுவந்தான். "அந்தக் கடைசி உந்தல் திரும்பி வரத்தான் இனிமேல் எல்லா வேலையும்" என்றார் பிசியோ.

மூன்று மாதம் வரைக்குமாவது கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சிகள் வேண்டாம். சுவரில் கைவைத்துக் குதியை அழுத்துவது, குந்தி உட்காருவது, படி விளிம்பில் நின்று குதியைக் கீழே தொங்கவிடுவது இவையெல்லாம் தசைநாணை நீளமாக்கும். கணுக்கால் விறைப்பாக இருக்கிறதே என்று ஆசையாக இருக்கும். விறைப்பு பிறகு போய்விடும், நீளம் திரும்பாது.

நாள் கடந்து வந்தவர்களுக்கு

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் கவனிக்காமல் போயிருந்தால் கணக்கே வேறு. முனைகள் விலகி, நடுவே வடுத்திசு நிரம்பியிருக்கும். சதையை இறக்கி நீட்டித் தைப்பது, அல்லது கட்டைவிரலை மடக்கும் தசைநாணை எடுத்துக் குதியில் பொருத்துவது போன்ற பெரிய அறுவை சிகிச்சைகள் தேவைப்படலாம். வயதும் தேவையும் குறைவென்றால் குதியைத் தாங்கும் பட்டையும் பயிற்சியுமாகச் சமாளிப்பவர்களும் உண்டு. இதற்குக் கால், கணுக்கால் சிகிச்சையில் பழகிய மருத்துவர்தான் வேண்டும்.

காயத்துக்கு முன் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தசைநாண் அறுவதோடு இவற்றுக்குள்ள தொடர்பு பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடும் எச்சரிக்கை போட்டது. அடுத்த முறை வேறு மருந்து எழுதச் சொல்லவும், மற்றக் காலைப் பார்த்துக்கொள்ளவும் இந்தத் தகவல் உதவும்.

திரும்ப ஓடுவது

மெதுவோட்டம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதத்தில். குதித்து, திரும்பி, பாய்கிற ஆட்டங்கள் ஒன்பது மாதம், ஓராண்டு. ஆனால் நாட்காட்டியை விட நம்பகமான அளவுகோல் ஒற்றைக் காலில் குதியைத் தூக்குவதுதான். சுவரை விரலால் தொட்டபடி, முழங்காலை மடக்காமல், எத்தனை முறை, எவ்வளவு உயரம் என்று இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். ஓராண்டுக்குப் பிறகும் அறுந்த காலில் வலு 10 முதல் 30 சதவீதம் குறைவாகவே நிற்பது, தைத்தவருக்கும் தைக்காதவருக்கும் உண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு மனம் உடையாது.

தம்பி தைத்துக்கொள்ளவில்லை. இப்போது ஓடுகிறான். குதி தூக்கும் உயரத்தில் இரண்டு காலுக்கும் இன்னும் வித்தியாசம் இருக்கிறது. அது போதுமான அளவு குறைந்த பிறகுதான் பேட்மின்டன் கோர்ட்டில் இறங்குவது என்று பிசியோவோடு பேசி வைத்திருக்கிறான். அதுவரை வாரத்தில் மூன்று நாள் முதுகுப்பையில் எடை போட்டுக்கொண்டு படிக்கட்டில் குதியைத் தூக்கி இறக்குகிறான்.